கொழும்பில் பிற சமூகத்தாரோடு பேசிப் பழகும் முறை

கொழும்புக்குப் புதிதாக வேலைக்கு வருபவர் முதலில் மனதில் இருத்த வேண்டியது, இங்கே தமிழ் பேசுவோர் எல்லோரும் ஒரே விதமாகப் பேசுவதில்லை என்பதே. வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத் தமிழும், கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டைக் கடைகளிலும் மலையகத் தமிழும், மருதானையில் முஸ்லிம்களின் தமிழும் மிகுதியாகக் காதில் விழும். மரியாதை காட்டும் வழியும் அவற்றோடு மாறும்.

ஆகையால் விளிக்கும் முறையிலிருந்து தொடங்குங்கள். யாழ்ப்பாணத்தார் உரிமையோடும் மதிப்போடும் சொல்லும் ‘நீர்’, மலையகத்தவரின் காதுக்கு அதட்டலாகப் படக்கூடும். நன்கு பழகும்வரை, வயதில் இளையவரையும் ‘நீங்கள்’ என்றே அழையுங்கள். முஸ்லிம் மூத்தவரை ‘நானா’ என்று அழைப்பதை அவர் பெரும்பாலும் மகிழ்ந்து ஏற்பார்.

மிகவும் கவனிக்க வேண்டியது மறுப்பு. சிங்களப் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே ஊட்டப்படும் ‘லஜ்ஜா-பய’, அதாவது நாணமும் பிறர் பழிப்புக்கு அஞ்சுதலும், பற்றி மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர எழுதியிருக்கிறார். பிறர் முன்னிலையில் ஒருவரை நாணச் செய்யக்கூடாது என்ற அந்த உணர்வு உள்ள இடத்தில், முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்பது எளிதில் வராது. புன்னகையோடு ‘பலமு’ (சிங்களத்தில் ‘பார்ப்போம்’) என்பார்கள். நம்மவர் ‘பாப்பம்’ என்று சொல்லி நழுவுவதும் இதே வகைதான் என்பதால், அதை ஏமாற்று என்று எண்ணிச் சினப்பது நியாயமன்று. சம்மதம் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியாக இருக்கும் நேரம் பார்த்து, ‘வெள்ளிக்கிழமைக்குள் செய்ய ஏதும் தடை உண்டா?’ என்று கேளுங்கள். தடையைச் சொல்வது மறுப்பதைவிட அவருக்கு எளிது.

சாவீட்டிலும் வழக்கம் அறிந்து நடக்க வேண்டும். முஸ்லிம்கள் ஜனாஸாவைத் தாமதமின்றி அடக்கம் செய்வதால், செய்தி கேட்டவுடன் புறப்படுங்கள். தமிழர் சாவீட்டிலிருந்து திரும்பும்போது ‘போயிட்டு வாறன்’ என்று விடைபெறுவதில்லை. அவ்வாறு பேசாமல் எழுந்து செல்பவரை அந்த வழக்கம் அறியாத சிங்கள நண்பர் தவறாக எண்ணக்கூடும், ஆகவே உடன் வருமுன்பே அவருக்குச் சொல்லி வையுங்கள்.

அரச அலுவலகத்தில் தமிழிலேயே கேளுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. உத்தியோகத்தருக்குத் தமிழ் வராவிட்டால், குரலை உயர்த்தாமல், தமிழ் தெரிந்தவரை அழைக்குமாறு அவரிடமே வேண்டுங்கள்.