கோப்பைக்குப் பாலிஷ் போடாதீர்கள்: கோல்ஃப் நினைவுப் பொருள்களை ஏலம் விடுவோர் செய்யும் தவறுகள்

ஏல நிறுவனத்திலிருந்து ஆள் வருகிறார் என்றதும், ஓய்வு பெற்ற ஆட்டக்காரரின் வீட்டில் யாராவது ஒருவர் கோப்பைகளை மேசைமேல் பரப்பிப் பாலிஷ் போட உட்கார்ந்துவிடுவார். அந்தத் துணியை முதலில் பிடுங்கி வையுங்கள். பல கோப்பைகள் வெள்ளி முலாம் பூசியவை. அழுத்தித் தேய்த்தால் முலாம் போய் அடி உலோகம் எட்டிப் பார்க்கும். பொறித்த பெயரும் ஆண்டும் மழுங்கும். வாங்குபவர் வெள்ளிக்கா காசு கொடுக்கிறார்? அந்த எழுத்துக்குத்தானே.

மட்டைகளுக்கும் இதே கதிதான். பந்து பட்டுப் பட்டு முகப்பில் காசளவுக்குத் தேய்ந்த வட்டம், தலைக்குப் பின்னால் எடைக்காக ஒட்டிய ஈய நாடா, கைபட்டு வழவழத்த கிரிப் (கைப்பிடி உறை) எல்லாமே சாட்சி. பழைய போட்டிப் படத்தைப் பெரிதாக்கி, அந்த வட்டத்தையும் நாடாவையும் ஒப்பிட்டுத்தான் ‘இதே மட்டைதான்’ என்று முடிவு கட்டுவார்கள். துடைத்து, புது கிரிப் மாட்டிக் கொடுத்தால் அது கடை மட்டை.

சாட்சிக்கு என்ன விலை என்பதற்கு கோல்ஃப் நட்சத்திரம் டைகர் உட்ஸின் அயர்ன் (உலோகத் தலை) மட்டைகளைப் பாருங்கள். 2000, 2001 ஆண்டுகளில் மேஜர் எனப்படும் மிகப் பெரிய போட்டிகளில் தொடர்ந்து நான்கு பட்டங்களை வென்றபோது அவர் ஆடியவை என்று 2010இல் ஏலத்துக்கு வந்தன. உண்மையான மட்டைகள் உட்ஸிடமே இருக்கின்றன என்று அவர் தரப்பு மறுத்தது. அப்போது போன விலை 57,242 டாலர். அதே செட் 2022இல் 51 லட்சம் டாலரைத் தாண்டியது. கோல்ஃப் மட்டை தயாரிக்கும் டைட்லிஸ்ட் நிறுவனத்தில் அவரோடு வேலை பார்த்தவரின் உறுதிமொழிப் பத்திரம் அதோடு இருந்தது. ஆகவே ஆட்டக்காரர் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே, ஒவ்வொரு பொருளையும் கையில் வைத்துக்கொண்டு எந்தப் போட்டி, எந்த நாள் என்று சொல்லச் சொல்லிப் படம்பிடித்துக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். பலரும் இதை இறுதிச் சடங்குக்குப் பிறகுதான் நினைத்துப் பார்க்கிறார்கள்.

அடுத்த கேள்வி: பொருள் யாருடையது? வீட்டு அலமாரியில் இருப்பதாலேயே அது வீட்டாருடையது ஆகிவிடாது. 1934இல் முதல் மாஸ்டர்ஸ் போட்டியை வென்ற ஹார்டன் ஸ்மித்தின் பச்சைக் கோட்டு (அந்தப் போட்டியின் வெற்றியாளருக்குத் தரும் கோட்டு) 2013இல் 6,82,000 டாலருக்கு மேல் போனது. ஆனால் 2017இல் அந்தப் போட்டியை நடத்தும் அகஸ்டா நேஷனல் கிளப், இந்தக் கோட்டுகள் தன் சொத்து என்று சொல்லி வேறொரு விற்பனையைத் தடுக்க நீதிமன்றம் போனது. முன்னாள் சாம்பியன் கேரி பிளேயர் 2022இல், தன் பொருள்கள் தன் அனுமதி இல்லாமலேயே ஏலத்துக்கு வந்திருப்பதாகப் பகிரங்கமாகச் சொன்னார். அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது இரவலா, நன்கொடையா? பிள்ளைக்குக் கொடுத்தது பாதுகாக்கவா, சொந்தமாகவா? கடிதத்தைத் தேடி எடுத்துவிட்டுப் பேசுங்கள்.

விவரக் குறிப்பில் ஒரு சொல்கூட மிகையாகப் போகக் கூடாது. ஓபன் சாம்பியன்ஷிப்பில் வென்றவர் கிளாரெட் ஜக் என்ற கோப்பையைத் திருப்பித் தந்தாக வேண்டும். வீட்டில் இருப்பது நகல். நகல் என்றே எழுதுங்கள். அதற்கும் ஆள் வருவார்கள். உட்ஸ் மாற்றுக்கு வைத்திருந்த பேக்கப் பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை) ஒன்று, பேக்கப் என்ற பெயரிலேயே 2021இல் 3,93,300 டாலருக்குப் போயிருக்கிறது.

கையொப்பமிட்ட நூறு பந்துகளையும் ஒரே நாளில் கொட்டிவிடாதீர்கள், ஒன்று மற்றொன்றின் விலையைத் தின்றுவிடும். வெயில் படும் ஜன்னலோரம் வைத்த பந்துகளில் மை ஏற்கெனவே வெளிறியிருக்கும், அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். மங்கிய எழுத்தின் மேல் மறுபடி எழுதச் சொல்வதைப் போலக் கெட்ட யோசனை கிடையாது.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, சுத்தியல் விலை (ஏலம் முடியும்போது கேட்ட கடைசி விலை) வேறு, கைக்கு வரும் தொகை வேறு. விற்பவர் கமிஷன், படமெடுக்கும் செலவு, காப்பீடு என்று கழியும். வாங்குபவர் அந்த விலைக்கு மேல் தரும் பிரீமியம் பெரும்பாலும் ஏல நிறுவனத்துக்கே போகும். குறைந்தபட்ச விலையை எழுத்தில் கேளுங்கள். விலை போகாத பொருளைத் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.