உங்களுக்குப் பிடித்த பீர் எது? லேபிளை மறைத்துக் கண்டுபிடிக்கும் முறை

எந்த பீர் பிடிக்கும் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பிராண்டு பெயர்தான் பதிலாக வரும். அதே பீரை லேபிள் தெரியாமல், வேறு இரண்டோடு கலந்து வைத்தால் சொன்னவரே திணறுவார். கடைகளில் அதிகம் விற்பவை எல்லாம் ஒரே வகை, குளிர்ந்த நிலையில் மெதுவாக நொதிக்க வைக்கும் லாகர். அவற்றுக்குள் வித்தியாசம் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் ‘கூலிங்’ மூடிவிடும். ஆகவே முதலில் வகையைப் பிடியுங்கள், பிராண்டு பிறகு.

முதல் நாள்: நான்கு வகை

பில்ஸ்னர் (இதுவும் லாகர்தான்), கோதுமை பீர், ஐபிஏ (இந்தியா பேல் ஏல்), ஸ்டவுட் இவற்றில் ஒவ்வொன்று போதும். பில்ஸ்னர் 1842-இல் செக் நாட்டுப் பில்சன் நகரில் ஜோசப் குரோல் என்ற பவேரியர் காய்ச்சியதிலிருந்து வந்தது. பொன்னிறம், தெளிவு, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவின் சுருக்கென்ற கசப்பு. கசப்பை அளக்கும் ஐபியு கணக்கில் பில்ஸ்னர் உர்குவெல் 40-ஐ ஒட்டி வரும். சாதாரண லாகர்கள் பல 20-ஐக்கூடத் தொடாது. பவேரியக் கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். அதில் பழமோ கிராம்போ கிடையாது, இரண்டும் ஈஸ்ட்டின் வேலை. பெல்ஜிய வகையான ஹூகார்டனில் மட்டும் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் உண்மையிலேயே சேர்க்கிறார்கள். ஐபிஏ-வில் கசப்பு 40 முதல் 70 ஐபியு வரை போகும். ஸ்டவுட்டின் கறுப்பு, வறுத்த பார்லியிலிருந்து வருவது.

கறுப்பாக இருந்தால் போதை அதிகம் என்ற நம்பிக்கையை இங்கேயே விட்டுவிடலாம். கின்னஸ் டிராஃப்ட் என்ற கறுப்பு ஸ்டவுட்டில் ஆல்கஹால் 4.2%, பொன்னிறமான ‘ஸ்ட்ராங்’ லாகர்கள் 8% வரை போகின்றன. இலங்கையின் லயன் ஸ்டவுட் 8.8% என்பது உண்மைதான், ஆனால் அதற்குக் காரணம் நிறமல்ல.

தமிழ்நாட்டுக் கடைகளில் லாகரும் ஸ்ட்ராங்கும்தான் மிகுதி. பெங்களூர்ப் பக்கம் போகிறவர்கள் சொந்தமாக பீர் காய்ச்சி விற்கும் ஏதாவது ஒரு மைக்ரோபுரூவரியில் சின்னக் கிளாஸ்களில் பல வகைகளை வாங்கிப் பார்ப்பது மலிவான வழி.

வாங்கும்போது

தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். லாகரும் ஐபிஏ-வும் புதிதாக இருக்க வேண்டும். ஐபிஏ-வில் முதலில் போவது மணம்தான், கசப்பு மட்டும் தங்கும். வெயில் படும் அலமாரியிலோ டியூப்லைட்டுக்கு நேர் எதிரிலோ நிற்கும் பச்சை, வெள்ளைப் பாட்டில்களைத் தொடாதீர்கள். ஒளி பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து கந்தக நாற்றமுள்ள சேர்மம் உண்டாகும். பழுப்புப் பாட்டில் இதைப் பெருமளவு தடுக்கும், கேன் முழுதாகத் தடுக்கும். பழைய ஈர அட்டைப்பெட்டி போல மணந்தால் ஆக்சிஜன் புகுந்திருக்கிறது. வெண்ணெய் மணம் தூக்கலாக இருந்தால் நொதித்தல் சரியாக முடியவில்லை. வேகவைத்த மக்காச்சோள வாடை லாகரில் லேசாக இருக்கலாம், மிஞ்சினால் குறைதான். இப்படிக் கெட்ட ஒரு பாட்டிலை வைத்து ‘எனக்கு இந்த வகையே ஆகாது’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

குளிர்ச்சியும் டம்ளரும்

ஃபிரிட்ஜ் சுமார் 4 டிகிரி. லாகரை எடுத்தவுடன் ஊற்றலாம். கோதுமை பீர் 6 முதல் 8, ஐபிஏ 8 முதல் 10, ஸ்டவுட் 10 முதல் 13 டிகிரியில் வாய் திறக்கும். நம் ஊர் வெக்கையில் ஸ்டவுட் பாட்டிலை இருபது நிமிடம் முன்னால் வெளியே வைத்தால் போதும். ஃப்ரீசரில் வைத்து, பாதி உறைந்த பீரில் சுவை தேடுவது வீண்: குளிர் நாக்கை மரத்துப்போகச் செய்யும், மணமும் எழாது.

நிறம் காட்டிக்கொடுக்கும் என்பதால் கண்ணாடி வேண்டாம், எவர்சில்வர் டம்ளர் எடுங்கள். எல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும். பாத்திரம் துலக்கும் சோப்பு துளி ஒட்டியிருந்தாலும் நுரை நிற்காது, எண்ணெய்ப் பிசுக்கும் அப்படியே. வெந்நீரில் நன்றாக அலசிக் கவிழ்த்து வையுங்கள். துணியால் துடைத்தால் துணி வாடை ஏறும்.

ஒருவருக்கு ஒரு டம்ளரில் 75 மில்லி தாராளம். நான்குக்கும் சேர்த்து 300 மில்லி, ஒரு சின்னப் பாட்டில் அளவுகூட இல்லை. கசப்பு குறைந்ததில் தொடங்கி ஐபிஏ, ஸ்டவுட்டில் முடியுங்கள். முதலிலேயே ஐபிஏ குடித்தால் அடுத்த லாகர் தண்ணீராகத் தெரியும். இடையில் தண்ணீரும் வெறும் பிரெட்டும் மட்டும். மிக்சர், ஊறுகாய், சிக்கன் 65 எல்லாம் முடிந்த பிறகு.

முதலில் மோந்து பாருங்கள், பிறகு ஒரு வாய் எடுத்து விழுங்குங்கள். ஒயினைப் போலத் துப்பிவிட்டால் தொண்டைப் பக்கம் தங்கும் கசப்பு பிடிபடாது. கசப்பு, இனிப்பு, கனம், வாயு, மணம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை போட்டு, ‘இன்னொரு டம்ளர் வேண்டுமா?’ என்பதற்குத் தனியாக ஆம், இல்லை என்று எழுதுங்கள். எல்லாவற்றிலும் முக்கியம் அந்தக் கடைசிக் கட்டம்தான்.

இரண்டாம் நாள்: பிராண்டு

பிடித்த வகையில் இரண்டு பிராண்டு எடுங்கள். ஊற்றுபவர் வேறு அறையில் மூன்று டம்ளர் நிரப்பட்டும்: இரண்டு டம்ளரில் ஒரே பிராண்டு, மூன்றாவதில் மற்ற பிராண்டு. அடையாளம் டம்ளரின் அடியில். தனித்து நிற்பது எது என்று மட்டும் சொல்லுங்கள். 40 மில்லி போதும், டம்ளர் வரிசையை மாற்றி மாற்றி ஐந்து சுற்று. குருட்டாம்போக்கில் ஐந்தில் நான்கோ ஐந்தோ சரியாக வருவதற்கான வாய்ப்பு சுமார் 4.5% தான், ஆகவே நான்கு சரியென்றால் உங்கள் நாக்கு உண்மையாகவே பிரித்தறிகிறது. இரண்டு, மூன்று என்றால் விலை குறைந்ததை வாங்குங்கள். கோதுமை பீராக இருந்தால் அடியில் தங்கும் ஈஸ்ட்டை எல்லா டம்ளரிலும் கலக்குங்கள், அல்லது எதிலும் வேண்டாம். கலங்கல் ஒன்றில் மட்டும் வந்தால் சோதனையே கெடும்.

ஐந்து சுற்றுக்கு 600 மில்லி ஆகிவிடும். எனவே ஒரே மாலையில் முடிக்க வேண்டியதில்லை, மூன்று சுற்றுக்கு மேல் நாக்கும் சோர்ந்துவிடும். வண்டிச் சாவியையும் முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டிய நிலையில் வண்டி ஓட்டினால் வழக்கு.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. சின்ன மடக்கில் இனிப்பானதுதான் ஜெயிக்கும்; முழுக் கிளாஸ் குடிக்கும்போது அதுவே திகட்டும். ஆகவே வென்ற பீரை வேறொரு நாள் சாப்பாட்டோடு ஒரு முழுக் கிளாஸ் குடியுங்கள். பாதியில் வேகம் குறைந்தால் மதிப்பெண் பட்டியலில் இரண்டாவதாக வந்ததை எடுத்து அதே போலப் பாருங்கள்.