அறுபதுக்கு மேல் எழுத உட்காருகிறவர்களுக்கு

2013 ஜூலையில் தந்திச் சேவையை மூடினார்கள். நான் தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவன். அதற்கு இரண்டு வருஷம் முன்பே ஓய்வு பெற்று கோவில்பட்டிக்கு வந்துவிட்டேன். டிவியில் செய்தி பார்த்த ராத்திரி, பேரன் மிச்சம் வைத்த நாற்பது பக்க நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். பிறந்த கதையில் தொடங்கினேன். நான் வேலைக்குச் சேருவதற்குள் நோட்டு தீர்ந்துவிட்டது!

நம் வயசுக்காரர்களுக்குச் சரக்குக்குப் பஞ்சமில்லை, எதை விடுவது என்றுதான் தெரியாது. பிறந்த கதையை விடுங்கள். ஒரே ஒரு நாளை எடுங்கள்.

நான் எடுத்தது ஒரு தந்தி. மில் தொழிலாளி ஒருவர் வந்தார். அம்மா இறந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. ஆனால் ஃபாரத்தில் 'மதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி' என்றுதான் எழுதச் சொன்னார். "தம்பி பம்பாயிலேருந்து தனியா வரணும் சார்." முதலில் பதினோரு பக்கம் எழுதினேன். கடைசியில் நின்றது மூன்று.

எப்படிக் குறைத்தேன் என்றால், தந்தியில் சொல்லுக்குக் காசு. எழுதியதைப் பத்து நாள் பீரோவில் போட்டுவிட்டு, பென்சிலோடு உட்காருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் உங்கள் பையிலிருந்து காசு போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். 'மிகவும்', 'உண்மையிலேயே' எல்லாம் தானாக விழும். பேச்சில் மட்டும் கை வைக்காதீர்கள். அந்த மனுஷனின் 'சார்' எதற்கு என்று அடித்தேன். வரியே செத்துப்போனது, திரும்பப் போட்டேன். எங்களுக்குப் பக்கத்து இடைசெவல்காரர் கி. ராஜநாராயணன், மழைக்குத்தான் பள்ளிக்கூடம் ஒதுங்கியதாகச் சொல்லிக்கொண்டவர், எழுத வந்ததே முப்பதைத் தாண்டித்தான். இந்தக் கரிசல் பேச்சையே எழுத்தாக்கினார். வீட்டில் பேசுகிற தமிழை எழுத நமக்கு ஏன் கூச்சம்?

வீட்டுக்காரியிடம் முதலில் காட்டாதீர்கள். என் வீட்டில், "ஏங்க, இதுல எங்க அண்ணனை ஏன் இழுத்தீங்க?" என்றுதான் கேள்வி வந்தது. நம்மை அறியாத ஒருவர் படிக்கட்டும். எனக்கு நூலகத்தில் தினமும் பேப்பர் படிக்க வருகிற ஒருவர் கிடைத்தார். அவர் கொட்டாவி விட்ட இடத்தையெல்லாம் வெட்டினேன்.

கை நடுங்கினால் போனில் பேசியே தட்டச்சு செய்யலாம். ஆனால் 'பழம்' என்றால் 'பள்ளம்' என்று போடும். அதனால் வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்க்கவும். பத்திரிகைக்கு யூனிகோடில், அதாவது எந்தக் கம்ப்யூட்டரிலும் படிக்க முடிகிற பொது எழுத்துமுறையில், அனுப்புங்கள். பழைய எழுத்துருவில் நான் அனுப்பியது அங்கே வெறும் புரியாத குறிகளாகப் போய்ச் சேர்ந்தது. ஒரே நேரத்தில் இரண்டு பத்திரிகைக்கு அனுப்பாதீர்கள். மூன்று மாதம் பதில் இல்லையென்றால் அடுத்த பத்திரிகை. புத்தகம் போட நம்மிடமே பணம் கேட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பென்ஷன் பணம் அதற்கில்லை.

தந்திக் கதை மூன்றாவது பத்திரிகையில் வந்தது. சன்மானம் ஐந்நூறு ரூபாய். பழைய புத்தி, மணியார்டர் வருமென்று ஒரு வாரம் தபால்காரரை வாசலில் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தேன். அது பேங்கில் ஏறிக் கிடந்தது.