மருந்தடிப்பவர்களுக்கு விந்துப் பரிசோதனை: மூன்று மாதக் கணக்கு

விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். நேற்று வயலில் பூச்சிமருந்து அடித்துவிட்டு இன்று சோதித்தால் அதன் பாதிப்பு முழுதாகத் தெரியாது. கடந்த மூன்று மாதத்தில் அடித்த மருந்துகளின் பெயர், நாள், கையுறை போட்டீர்களா என்பதைத் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். காய்ச்சல் வந்திருந்தால் அதையும் எழுதுங்கள், அதுவே விந்தணு எண்ணிக்கையைக் குறைத்துவிடும்.

2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருந்து மாதிரி கொடுங்கள். சாதாரண ஆணுறையில் பிடிக்கவே கூடாது. அதிலுள்ள பூச்சு அணுக்களின் அசைவை முடக்கும். முதல் சொட்டு சிந்தினால் மறைக்காதீர்கள், அணுக்கள் செறிந்திருப்பது அதில்தான். வீட்டில் எடுத்தால் டப்பாவைச் சட்டைக்குள் உடல்சூட்டில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேருங்கள்.

விந்தணு எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 1.6 கோடிக்குக் கீழே வந்தால் பதறாமல் மறுபடி சோதியுங்கள்.