பழைய கிரெட்ச் 6120: பாடியைப் பார்த்து வருடம் சொல்வது எப்படி?

ஆரஞ்சு நிற கிரெட்ச் 6120 எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று கைக்கு வந்தது. விற்றவர் 1959 என்றார். நானும் அளந்து பார்த்துவிட்டு ஆமாம் என்று தலையாட்டினேன். உண்மையில் அது 1961. எங்கே சறுக்கினேன் என்று பிடிபட இரண்டு வாரம் ஆனது. உங்களுக்கு அந்த இரண்டு வாரம் மிச்சமாகட்டும்.

முதலில் ஒன்று. பிக்கப் (கம்பியின் ஒலியை வாங்கும் பகுதி), பிக்ஸ்பி (சுருதியை அசைக்கும் கைப்பிடி), குமிழ் எதையும் வைத்து வருடம் சொல்லாதீர்கள். ஸ்க்ரூடிரைவர் இருந்தால் யாரும் மாற்றிவிடலாம். மரத்தை அப்படி மாற்ற முடியாது.

1. கொம்பை எண்ணுங்கள். நெக் பாடியோடு சேரும் இடத்தில் ஒரு பக்கம் மட்டும் வளைத்து வெட்டி, ஒரே கொம்பு இருந்தால் 1961 வரைக்கும் உள்ளது. இரண்டு பக்கமும் வெட்டியிருந்தால் 1961 கடைசிக்குப் பிறகு வந்தது.

2. முன்பலகையில் f எழுத்து வடிவில் இருக்கும் எஃப் ஓட்டையைத் தொட்டுப் பாருங்கள். இரட்டை வெட்டு வந்தபோது ஓட்டையை மூடிவிட்டார்கள். பார்ப்பதற்கு ஓட்டை மாதிரியே இருக்கும், ஆனால் அது பெயின்ட். சத்தம் கூட்டினால் ஊளையிடும் தொல்லையைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு. இந்த மாடலுக்குப் பெயர் கொடுத்த கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸ் இதை வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். போட்டோவில் ஏமாந்துவிடுவோம், நேரில் விரல் வைத்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

3. ஆழத்தை அளங்கள். நான் விழுந்த இடம் இதுதான், மெதுவாகப் படியுங்கள்.

1950களின் நடுவில் பாடி ஆழம் சுமார் 2 3/4 முதல் 2 7/8 அங்குலம். 1959 வாக்கில் 2 3/4. 1960இல் 2 1/2. 1961இல் 2 1/4. மில்லிமீட்டரில் சொன்னால் 70, 64, 57. வருடத்துக்கு ஆறேழு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

நான் காலிப்பரை (தடிமன் அளக்கும் கருவி) நடுப்பகுதியில் வைத்து அளந்தேன். கிட்டாரின் முன்பலகையும் பின்பலகையும் மேடு கட்டி வளைந்திருக்கும். அந்த மேடும் சேர்ந்து, 57 மி.மீ. பாடி எனக்கு 70ஐத் தாண்டிக் காட்டியது. பக்கப் பலகையின் விளிம்பில்தான் அளக்க வேண்டும். கிட்டாரை மடியில் படுக்க வையுங்கள். இடுப்பு வளைவில், முன் விளிம்பின் வெள்ளை பைண்டிங்கிலிருந்து (ஓரப் பட்டை) பின் விளிம்பின் பைண்டிங் வரை ஒரே நேர்கோடு. கீழ்ப்பக்கம், ஸ்ட்ராப் மாட்டும் ஆணிக்கு அருகே இன்னொரு முறை. இரண்டும் ஒத்துவர வேண்டும்.

உலோகக் காலிப்பரை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அறுபது வருட லாக்கர் பூச்சு ஒரு கீறலைக்கூடத் தாங்காது. பிளாஸ்டிக் வெர்னியர் காலிப்பர் வாங்கி, அதன் தாடையில் பேப்பர் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். தையல் டேப் வேண்டாம், அது வளைவோடு சேர்ந்து வளைந்து பொய் சொல்லும்.

4. உள்ளே பாருங்கள். எஃப் ஓட்டை நிஜமாக இருந்தால் சின்ன எல்.இ.டி. விளக்கும், பல் மருத்துவர் வைத்திருக்கிற மாதிரி குட்டிக் கண்ணாடியும் போதும். முன்பலகையின் கீழே ஓடும் சட்டங்களிலிருந்து பின்பலகை வரை கால் ஊன்றி நிற்கும் மரத்துண்டுகள் தெரிகிறதா? அதற்கு டிரெஸ்ல் பிரேசிங் என்று பெயர். 1958 வாக்கில் வந்து, ஒற்றை வெட்டுப் பாடி முடியும் வரை இருந்தது. என் கிட்டாரில் விளக்கைச் சாய்த்ததும் பாலத்தூண் போல அவை வரிசையாக நின்றன. ஸ்ட்ரே கேட்ஸ் இசைக்குழுவின் பிரையன் செட்சர் வாசிப்பதால் எல்லோரும் தேடும் 1959இலும் அதே கால்கள்தான் இருக்கும். அதனால் இந்த அடையாளம் 1956ஐத் தள்ளிவிடும், 1959ஐயும் 1961ஐயும் பிரிக்காது. அதற்கு ஆழம் ஒன்றே கதி.

புரூக்ளின் தொழிற்சாலையில் கிட்டார்களைத் தொகுதி தொகுதியாகச் செய்தார்கள். மாற்றம் ஜனவரி 1 அன்று வந்துவிடாது. அளவு இரண்டு வருடத்துக்கு நடுவில் விழுந்தால், உள்ளே ஒட்டிய லேபிளின் சீரியல் எண்ணையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பின்சேர்க்கை: அளவு சரி, ஓட்டை சரி, ஆனால் மரம் புதிதாகத் தெரிகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். 1989இலிருந்து ஜப்பானில் 50களின் வடிவத்திலேயே மறுபடி செய்கிறார்கள், இதை நான் சொல்ல மறந்துவிட்டேன். 50களின் பிற்பகுதி சீரியல் எண் ஐந்து இலக்கம்தான், நடுவில் கோடு இருக்காது. அவருடைய கிட்டாரில் கோடு இருந்தது.

இன்னொன்று: கிரெட்சின் இன்னொரு மாடலான கன்ட்ரி ஜென்டில்மேன் வைத்திருப்பவர்கள் இந்த அளவுகளைப் பயன்படுத்த வேண்டாம். அது 17 அங்குல அகலம். ஒற்றை வெட்டுக் காலத்திலேயே ஓட்டையை மூடிவிட்டார்கள், ஆகவே இரண்டாவது படி அங்கே செல்லாது.