இழைப்பாசியை இனங்காண: விரல், நுண்ணோக்கி, அப்புறம் ஜீன்

காலிங்கராயன் வாய்க்கால் கல்லில் ஒட்டியிருப்பதும் தோட்டத்து மாட்டுத் தொட்டியில் மிதப்பதும் பேச்சுவழக்கில் ஒன்றேதான்: பாசி. பிரித்தறிய முதல் கருவி விரல். வழவழவென்று நழுவினால் ஸ்பைரோகைரா வகையறாவாக இருக்கலாம். நனைந்த சாக்கு நார் மாதிரி சொரசொரத்தால் கிளாடோஃபோரா, பித்தோஃபோரா பக்கம் பாருங்கள். நீலப்பச்சைப் பாசியும் வழுக்கும் என்பதால் ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். பசும்பாசியில் மாவுச்சத்து கருநீலமாகும், மற்றதில் ஆகாது.

100 மில்லி பாட்டிலில் கால் பங்கு பாசி, அரைப் பங்கு அதே தண்ணீர், மீதி காற்று. நிறைய அடைத்தால் வீடு சேர்வதற்குள் அழுகிவிடும். ஐப்பசி மழைத் தண்ணீர் வற்றும்போது குட்டையில் மஞ்சளித்துக் கிடக்கும் பாசியை விட்டுவிடாதீர்கள். செத்தது போலத் தெரியும், ஆனால் இணைவு (இரண்டு செல்கள் சேர்ந்து இனப்பெருக்கம் செய்வது) நடக்கும் இழைகள் பலசமயம் அதில்தான் கிடைக்கும். அந்த இணைவில் உண்டாகும் தடித்த உறை கொண்ட வித்தான சைகோஸ்போரின் வடிவமும் அதன் உறையும் தெரியாமல் ஸ்பைரோகைராவுக்கு இனப்பெயர் எழுதுவது வெறும் ஊகம்.

நுண்ணோக்கியில் 400 மடங்கில் பசுங்கணிகத்தை (செல்லுக்குள் இருக்கும் பச்சை உறுப்பை) பாருங்கள். ஸ்பிரிங் போலச் சுற்றியிருந்தால் ஸ்பைரோகைரா, செல்லுக்கு இரண்டு நட்சத்திரம் என்றால் சிக்னீமா, ஒற்றைத் தட்டையான பட்டை என்றால் மவ்ஜியோஷியா. வலைபோல் இருந்து, கிளையும் இல்லாவிட்டால் செல்லின் ஒரு முனையை ஃபோகஸ் செய்யுங்கள். வளையல்களை நெருக்கி அடுக்கினாற்போல் மெல்லிய கோடுகள் தெரிந்தால் ஊடோகோனியம். எல்லாச் செல்லிலும் இருக்காது, பொறுமையாக இழை நெடுக நகர்த்த வேண்டும். கிளை பிரிந்து, நடுநடுவே பீப்பாய் போன்ற கரும்பச்சைச் செல்கள் இருந்தால் பித்தோஃபோரா.

20 செல்களின் அகலத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஸ்பைரோகைராவில் குரோமோசோம் தொகுதி பெருகினால் ஒரே இழையின் வாரிசுகளே வெவ்வேறு அகலத்தில் வளரும். ஜீன் தேவைப்படுவது இங்கேதான்.

ஒற்றை இழையை 1 சதவீத அகார் (கடற்பாசிக் கூழ்) மேல் ஊசியால் இழுத்து, ஒட்டுண்ட டயாட்டம்களை (கண்ணாடி ஓடு கொண்ட ஒற்றைச்செல் பாசிகளை)த் துடைத்தெடுங்கள். இரண்டாக வெட்டி, ஒரு பாதியை சிலைடில் வைத்துப் படமெடுங்கள். மறுபாதியை போல்ட் ஊடகத்தில் (பாசி வளர்க்கும் சத்துக் கரைசலில்) 20 டிகிரியில் வளர்த்து, 50 மில்லிகிராம் சேர்ந்ததும் டி.என்.ஏ. எடுக்கலாம். இரண்டுக்கும் ஒரே எண் இடுங்கள். ஃபார்மலினில் போட்ட மாதிரியை இதற்கு எடுக்காதீர்கள், டி.என்.ஏ. சிதைந்திருக்கும்.

டி.என்.ஏ. பிரிக்க: 2 சதவீத சிடாப் (செல்லை உடைக்கும் சோப்பு போன்ற பொருள்) கரைசல், 65 டிகிரி, ஒரு மணி நேரம். வழவழப்புப் பொருள் கூடவே வந்து, ஜீனைப் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆரைக் கெடுக்கும். ஜெல்லில் டி.என்.ஏ. பட்டை தெரியாவிட்டால் டி.என்.ஏ.வை 10 மடங்கு, பிறகு 50 மடங்கு நீர்த்துப் பாருங்கள். ஜாஸ்தி போட்டால் சரியாகும் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு.

ஸ்பைரோகைரா வகையறாவுக்கு பசுங்கணிகத்தில் இருக்கும் ஆர்.பி.சி.எல். ஜீன் நல்லது. உட்கருவில் இருக்கும் 18எஸ் ரைபோசோம் ஜீனை எடுத்தால் நடுவே இன்ட்ரான் (ஜீனுக்குள் செருகிய கூடுதல் துண்டு) புகுந்திருக்கலாம், ஜெல் பட்டை எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்தால் பதற வேண்டாம். கிளாடோஃபோராவுக்கோ நேர்மாறு: அந்தப் பாசிக் கூட்டத்தில் பசுங்கணிக மரபுத்தொகுதி துண்டுதுண்டாக இருப்பதால் ஆர்.பி.சி.எல். பிரைமர்கள் (பி.சி.ஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) பெரும்பாலும் பலிக்காது. 18எஸ், 28எஸ் ரைபோசோம் ஜீன்கள் பக்கம் போங்கள்.

கிடைத்த ஜீனின் எழுத்து வரிசையைத் தரவுத்தளத்தில் ஒப்பிடும்போது டயாட்டம் என்று வந்தால், தவறு தரவுத்தளத்தில் இல்லை, இழை சரியாகத் துடைபடவில்லை. பேரினமே (ஸ்பைரோகைரா, சிக்னீமா போன்ற முதல் பெயரே) மாறி வந்தால், அதே எண் போட்ட சிலைடை மறுபடி எடுத்துப் பாருங்கள்.