நட்சத்திரப் படம் எடுக்கும்போது விரல் விறைக்காமலிருக்க

நட்சத்திரப் படமெடுக்க லடாக்கின் ஹான்லேக்குப் போகிறவர்கள் லென்ஸைப் பற்றி யோசிப்பதில் பாதிகூடக் கைகளைப் பற்றி யோசிப்பதில்லை. அந்த இடம் சுமார் 4,500 மீட்டர் உயரம். குளிர்கால இரவில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும். ஜனவரி உறைபனிக் காலத்தில் உதகையின் புல்வெளியில் விடியுமுன் நிற்பவருக்கும் இதே தொல்லைதான், கடுமை மட்டும் குறைவு. மலையேறுபவருக்கு நடக்கிற நடையிலேயே சூடு கிடைத்துவிடும். வானத்தைப் படமெடுப்பவரோ மணிக்கணக்கில் அசையாமல் நிற்கிறார், உலோகத்தைத் தொடுகிறார், சின்னத் திருகுகளைத் திருப்ப விரல் நுனியும் அவருக்கு வேண்டும்.

நெஞ்சும் வயிறும் குளிரத் தொடங்கியதும், உள்ளுறுப்புகளின் சூட்டைக் காப்பாற்ற உடம்பு விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். அதன்பிறகு எவ்வளவு தடிமனான கையுறை போட்டாலும் பலன் குறைவு. அதனால் முதலில் உடம்பைக் கவனியுங்கள். உள்ளே தெர்மல், அதன்மேல் கம்பளி அல்லது ஃப்ளீஸ், வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட், காதை மூடும் குல்லா, கழுத்துத்துணி. பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும். புகைபிடித்தால் ரத்தக் குழாய் இன்னும் சுருங்கும். மது சூடேற்றுவதுபோலத் தோன்றினாலும் உடம்பின் சூட்டைத் தோல்வழியே வெளியேற்றிவிடும்.

அடுத்தது மணிக்கட்டு. அங்கே ரத்தக் குழாய்கள் தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன. ஜாக்கெட் கைக்கும் கையுறைக்கும் நடுவே தோல் தெரிந்தால் விரலுக்குப் போகும் ரத்தம் வழியிலேயே ஆறிவிடும். பழைய கம்பளிக் காலுறையின் மேல்பகுதியில் 15 செ.மீ. வெட்டி, கட்டைவிரலுக்கு ஒரு துளையிட்டு மாட்டிக்கொண்டால் போதும். கடையில் விற்கும் மணிக்கட்டு உறையைவிட இது எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

கையுறை இரண்டு அடுக்காக இருக்கட்டும். உள்ளே மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டரில் மெல்லிய கையுறை. பொத்தான்களை அதோடே அழுத்தலாம். மேலே நான்கு விரலும் ஒரே பையில் அடங்கும் மிட்டன். விரல்கள் ஒன்றையொன்று சூடேற்றிக்கொள்வதால் ஐவிரல் கையுறையைவிட மிட்டன் எப்போதும் கதகதப்பு. நுனியைத் திறந்து பின்னால் மடிக்கிற வகை படமெடுப்பவருக்கு மிக வசதி. கயிறு கட்டி மணிக்கட்டில் மாட்டிவிட்டால் காற்று அடித்துப்போகாது. மிட்டன் ஓர் அளவு பெரிதாக இருக்க வேண்டும்: உள்கையுறையோடு கையை முஷ்டியாக மடக்கும்போது எங்காவது இறுக்கினால், ரத்தவோட்டம் தடைப்பட்டு மிட்டனே விரலை விறைக்க வைக்கும். கையுறை தானாகச் சூடு தராது, இருக்கிற சூட்டைத்தான் காக்கும். ஆகவே அறையிலோ வண்டியிலோ கை கதகதப்பாக இருக்கும்போதே மாட்டுங்கள். மாற்று உள்கையுறை ஒரு ஜோடி கட்டாயம்; நனைந்ததைப் போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

இரும்புத்தூள் அடைத்த ஹேண்ட் வார்மர் பை காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டுத்தான் சூடாகும். பிரித்ததும் குலுக்கி, 15 முதல் 20 நிமிடம் திறந்த வெளியில் வைத்த பிறகு மிட்டனுக்குள் போடுங்கள். உடனே இறுக்கமாக மூடிவிட்டு ‘சூடே வரவில்லை’ என்று தூக்கி எறிபவர்கள் நிறைய. ஹான்லேயில் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குக்கும் சற்றுக் குறைவு என்பதால் சூடும் மட்டாகவே இருக்கும்; கூடுதல் பைகள் எடுத்துப்போங்கள். உள்ளங்கையில் வைத்தால் பிடிக்கு இடைஞ்சல். உள்கையுறைக்கு மேல், புறங்கையிலோ மணிக்கட்டின் உட்புறத்திலோ வையுங்கள், வெறும் தோலில் வேண்டாம். பாதியில் வேலை முடிந்தால் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு மூடினால் மிச்சச் சூடு மறுநாளைக்கு உதவும். சார்ஜ் செய்யும் வகையானால் லே விமானத்தில் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சூட்டை அதிகம் திருடுவது அலுமினிய ட்ரைபாட், அதாவது கேமராவைத் தாங்கும் முக்காலி. ஏசி செம்புக் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரைக் குழாயை நீளவாக்கில் கீறி, மேல் கால்களில் மாட்டி டேப் ஒட்டிவிடுங்கள். கேமராவை ட்ரைபாடில் பொருத்த உதவும் பிளேட்டைக் கேமராவில் முன்பே திருகிவிடுங்கள். ஐஎஸ்ஓ, எக்ஸ்போஷர் போன்ற கேமரா அமைப்புகளை எல்லாம் அறையிலேயே வைத்துவிட்டால் வெளியே ஃபோகஸ் மட்டும் மிச்சம். பிரகாசமான நட்சத்திரத்தில் ஃபோகஸ் பிடித்ததும் வளையத்தை டேப்பால் ஒட்டி, மீதியை, குறித்த இடைவெளியில் தானாகப் படமெடுக்க வைக்கும் இன்டர்வலோமீட்டரிடம் விட்டுவிட்டுக் கையை மிட்டனுக்குள் இழுத்துக்கொள்ளலாம். காத்திருக்கும்போது கையைத் தோளிலிருந்து பெரிய வட்டமாக 20, 30 முறை வேகமாகச் சுழற்றினால் ரத்தம் விரல் நுனிவரை தள்ளப்படும்.

வலித்துக்கொண்டிருந்த விரலில் வலி நின்று மரத்துப்போய், நுனி வெளுத்தால் அன்றைய படமெடுப்பு முடிந்தது. உள்ளே போய் மோதிரத்தைக் கழற்றி, கையை அக்குளில் வையுங்கள். தேய்க்கவே கூடாது. ஹீட்டர், நெருப்பு அருகிலும் காட்டாதீர்கள். மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது. தோல் மெழுகுபோலக் கெட்டியாகிவிட்டால் 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் சுமார் அரைமணி நேரம் அமிழ்த்த வேண்டும், ஆனால் மறுபடி உறையாது என்று உறுதியானால் மட்டுமே. தாமதிக்காமல் மருத்துவரிடமும் காட்டுங்கள். லேசான குளிருக்கே விரல் வெள்ளை, நீலம் என்று நிறம் மாறுபவர்கள் கிளம்புமுன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.